பூனை கக்கும் மயிர்க்கட்டி: எது வழமை, எது நோய், எங்கே கைவைப்பது

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கமுள்ள பெட் ஷொப்புகளில் ‘ஹெயார்போல்’, அதாவது மயிர்க்கட்டி, என்று பெயரிட்ட சாமான்களுக்குக் குறைவில்லை. பேஸ்ட் குழாய், தனி உணவுப் பை, தின்பண்டம் என்று எல்லாமே இறக்குமதி. 2022இல் ரூபாய் சரிந்த பிறகு இவற்றின் விலை எகிறியதால், வாங்க வருகிறவர்கள் ‘இது உண்மையிலேயே தேவைதானா’ என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பூனை எதைக் கக்கினாலும் ‘மயிர்தான், ஒரு பேஸ்ட் குடுத்தால் சரி’ என்று கடந்துபோகிற பழக்கத்தால் சில நோய்கள் மாதக்கணக்கில் மறைந்து கிடக்கின்றன.

மயிர்க்கட்டி ஒரு நோயல்ல. ஆனால் அடிக்கடி வந்தால் மூன்றில் ஒன்று நடக்கிறது: பூனை அளவுக்கு மீறி மயிரை விழுங்குகிறது, அல்லது விழுங்கிய மயிரைக் குடல் முன்னே தள்ளவில்லை, அல்லது வருவது மயிர்க்கட்டியே அல்ல. பேஸ்ட் இந்த மூன்றில் எதன் காரணத்தையும் தொடுவதில்லை.

கட்டி எப்படி உருவாகிறது

பூனையின் நாக்கில் தொண்டையை நோக்கிச் சாய்ந்த சிறு முட்கள் நிறைந்திருக்கின்றன. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான் அவையும். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த முட்களின் நுனி குடைவாக இருப்பதையும் அந்தக் குடைவில் எச்சில் ஏறி மயிரின் அடிவரை போய்ச் சேர்வதையும் காட்டியது. நக்குவதால் உடம்பு குளிர்கிறது, அழுக்கு போகிறது, உதிர்ந்த மயிரும் கழன்று வருகிறது. கழன்ற மயிரைத் துப்ப வழியில்லை. முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் விழுங்கத்தான் வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் நாலில் ஒரு பங்கை நக்குவதிலேயே கழிக்கும் பிராணிக்கு இது நாளாந்த வேலை.

மயிரும் கெரட்டின்தான், சமிபாடு ஆகாது. நலமான பூனையில் அதில் பெரும்பகுதி உணவோடு கலந்து குடல் வழியே போய் மலத்தில் வெளியேறிவிடும். மலத் தட்டைத் துப்புரவாக்கும்போது கட்டிகளுக்குள் மயிர் இழை தெரிந்தால் அது நல்ல செய்தி, ஒழுங்கான பாதையில் போய்க்கொண்டிருக்கிறது.

மிஞ்சுகிற மயிர் இரைப்பையில் தங்கிப் பின்னிக்கொள்கிறது. மனிதருக்கும் நாய்க்கும் வெறும் வயிற்றில் பலமான சுருக்க அலை ஒன்று அவ்வப்போது எழுந்து, சமிக்காத மிச்சத்தைக் குடலுக்குள் தள்ளிவிடும். பூனையின் குடலில் இந்த ஏற்பாடு வேறு விதமானது, மயிர் தேங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. தேங்கிய மயிர் எரிச்சலூட்டும் அளவுக்கு வந்ததும் பூனை அதைக் கக்கிவிடுகிறது. உணவுக்குழாய் வழியே நெரிபட்டு வருவதால்தான் அது உருண்டையாக இல்லாமல் நீளமாக, ஈரமாக, பித்தநிறம் ஏறி வருகிறது. நிலத்தில் கிடப்பதை மலமென்று நினைத்து, பூனை இடம்மாறிப் போய்விட்டதென்று ஏசுபவர்களும் உண்டு.

குட்டிகளுக்கு மயிர்க்கட்டி அரிது. அவை அவ்வளவு நக்குவதில்லை. நாலு மாதக் குட்டி சத்தி எடுத்தால் மயிரை விட்டுவிட்டுப் புழுவை நினைக்க வேண்டும்.

கொழும்புக்கென்று இரண்டு விசேஷங்கள்

வெளிநாட்டுப் பூனைப் புத்தகங்கள் ‘வசந்தத்தில் மயிர் உதிரும், அப்போது கவனம்’ என்று எழுதுகின்றன. மயிர் உதிர்வதை நடத்துவது பெரும்பாலும் பகல் வெளிச்சத்தின் நீளம். கொழும்பு பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. அதனால் இங்குள்ள பூனைகள் ஒரே பருவத்தில் கொட்டித் தீர்ப்பதைவிட ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கின்றன. இரவில் லைட் எரியும் தொடர்மாடி வீட்டிலோ பருவம் என்ற பேச்சே இல்லை. ‘இந்த மாதம் மட்டும் சீவினால் போதும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

இரண்டாவது விசேஷம் தெள்ளு. பூனைத் தெள்ளு முட்டையிலிருந்து முழுப்பூச்சியாக வளர மிக உகந்த சூழல் 27 பாகை செல்சியஸ் அளவு வெப்பமும் 75 முதல் 80 வீதம் வரையான ஈரப்பதனும். இந்த எண்களைக் கொழும்பின் காலநிலை அட்டவணையோடு ஒப்பிட்டால் எழுதிவைத்தது போலப் பொருந்தும். இந்த நிலையில் ஒரு தலைமுறை மூன்று கிழமை அளவில் முடிந்து அடுத்தது தொடங்கிவிடுகிறது. குளிர்நாடுகளில் மாரி வந்து செய்கிற வேலையை இங்கே எந்த மாதமும் செய்வதில்லை.

தெள்ளுக்கும் மயிர்க்கட்டிக்கும் உள்ள தொடர்பு நேரானது. கடி, அரிப்பு, நக்கல், விழுங்கல். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனை ஓரிரு கடிக்கே நாள் முழுக்க நக்கும். நக்கும்போது தெள்ளையும் விழுங்கிவிடுவதால், வீட்டார் ‘எங்கட பூனையில் ஒரு தெள்ளும் இல்லை’ என்று அடித்துச் சொல்வார்கள். பார்க்கக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

கக்குகிறதா, இருமுகிறதா

மயிர்க்கட்டியென்று சொல்லப்படுபவற்றில் ஒரு பகுதி வயிற்று விஷயமே அல்ல, நுரையீரல். பூனைக்கு ஆஸ்துமா வரும். அது இருமும் தோரணை கக்கும் தோரணையை ஒத்திருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். பிரித்தறிய வேண்டிய அடையாளங்கள்:

1. கக்கும்போது வயிறும் விலாவும் உள்ளிழுத்து உள்ளிழுத்துத் துடிக்கும். எச்சில் ஊறும், உதட்டை நக்கும், இடம் தேடி நடக்கும். முடிவில் ஏதாவது வெளியே வரும்.
2. இருமும்போது பூனை நிலத்தோடு ஒட்டிக் குந்தி, முழங்கைகளை விரித்து, கழுத்தை முன்னே நீட்டும். சத்தம் வறட்சியாக இருக்கும். முடிவில் ஒன்றும் வராது, எதையோ விழுங்குவது மட்டும் தெரியும்.
3. ‘மயிரைக் கக்கப் பார்க்குது, வருதில்லை’ என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும் வீடுகளில் இரண்டாவதுதான் நடக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள்.

கைபேசியில் அரை நிமிட வீடியோ எடுத்து மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வார்த்தையில் விவரிப்பதைவிட அது பத்து மடங்கு உதவும். ஆஸ்துமாதான் என்றால் நம் வீடுகளில் தூண்டுகோல்கள் தாராளம்: நுளம்புச் சுருள், ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, வாசனை போட்ட மலமணல். பூட்டிய தொடர்மாடி அறையில் இரவெல்லாம் நுளம்புச் சுருள் எரிந்தால் பூனையின் மூச்சுக்குழாய் அதைப் பொறுக்காது. நுளம்பு வலைக்கு மாறுவது மலிவான முதல் சிகிச்சை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ முரசு நீலம் பாய்ந்தாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது.

எத்தனை தடவை வந்தால் அதிகம்

பர்ஷியன் போன்ற நீளமயிர்ப் பூனை ஓரிரு மாதத்துக்கு ஒன்று கக்கி, அடுத்த வேளை பசியோடு சாப்பிட்டால் கவலை வேண்டாம். நம்முடைய சாதாரண வீட்டுப் பூனைக்கு, குறுமயிர் என்பதால், ஆண்டில் ஒன்றிரண்டு வரலாம், வராமலே போகலாம்.

மயிரோ உணவோ நுரையோ, மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் சத்தி எடுப்பது மூன்று மாதம் தொடர்ந்தால், பரிசோதனை வேண்டும். ‘அது அடிக்கடி சத்தி எடுக்கிற பூனை’ என்று ஒரு வகை கிடையாது. அப்படிப்பட்ட பூனைகளைத் துருவிப் பார்த்தால் சிறுகுடல் அழற்சி, உணவு ஒவ்வாமை, வயதானவற்றில் குடலின் லிம்போமா என்ற புற்றுநோய் என்று ஏதாவது ஒரு காரணம் அகப்படுவதுண்டு. அழற்சியால் தடித்த குடல் மயிரைத் தள்ளாது. நிலத்தில் மயிர்க்கட்டி கிடப்பதால் காரணமும் மயிர் என்றாகிவிடாது.

நாட்காட்டியில் ஒரு குறி போடுங்கள்: தேதி, என்ன வந்தது, சாப்பிட்டு எவ்வளவு நேரம். அதோடு மாதம் ஒருமுறை எடை. பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறித் தனியே ஏறிய எடையைக் கழிப்பது பரவலான முறை, ஆனால் அந்தத் தராசு 100 கிராம் அளவில்தான் நம்பகமானது. குழந்தை எடை பார்க்கும் தராசோ சமையலறைத் தராசில் வைத்த கூடையோ மேல். 4 கிலோ பூனையில் 200 கிராம் குறைந்தால் அது உடம்பின் 5 வீதம். கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

வந்த கட்டியை உடனே கூட்டித் தள்ளாதீர்கள். கையுறை போட்டு, ஒரு பழைய கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, அதற்குள் போட்டு ஈர்க்கால் பிரித்துப் பாருங்கள். உண்மையான மயிர்க்கட்டி என்றால் இழைகள் விரிந்து வரும். நிறத்தைப் பார்த்தால் எந்தப் பகுதியின் மயிர் என்றும் ஊகிக்கலாம்: வெள்ளை வயிறும் கறுத்த முதுகும் உள்ள பூனை வெள்ளை மயிரையே கக்கினால் அது வயிற்றை நக்கி வழிக்கிறது. பூமாலை நூல், பொலித்தீன் துண்டு, இரப்பர் வளையம், அசையும் புழு, இரத்தம் இவற்றில் எதைக் கண்டாலும் படமெடுத்து வையுங்கள். பிரித்ததும் மயிரே இல்லாமல் கரைந்து போனால் அது வெறும் உணவு, அவசரமாக விழுங்கிக் கக்கியது. அதற்கு வழி சாப்பாட்டைச் சிறுபங்குகளாகப் பிரித்து, அகன்ற தட்டில் பரப்பிக் கொடுப்பது.

முதலில் தெள்ளு

வேறு எதிலும் செலவழிக்க முன்னர் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நெருக்கமான பல்லுள்ள தெள்ளுச் சீப்பால் வால் தொடங்கும் இடத்தின் மேற்புறத்தையும் கழுத்தையும் பத்துத் தடவை வாரி, வந்ததை நனைத்த வெள்ளை ரிசுவில் தட்டுங்கள். கறுத்த துகள்கள் ஒரு நிமிடத்தில் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். மண் என்றால் கறுப்பாகவே இருக்கும். ஒரு தெள்ளும் அகப்படாவிட்டாலும் இந்தத் துகள் போதுமான சாட்சி.

ஆசனவாயைச் சுற்றியோ படுக்கையிலோ அரிசிமணி போன்ற வெள்ளைத் துண்டுகள் கண்டால் அவை நாடாப்புழுவின் கண்டங்கள். தெள்ளை விழுங்கியதால் வந்த புழு. பிராசிகுவாண்டெல் மாத்திரையால் அது போகும், தெள்ளு நின்றால்தான் திரும்பி வராது.

ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைவரை இடும். அவை பூனையின் உடம்பில் ஒட்டியிருப்பதில்லை, அது படுக்கும் இடமெல்லாம் உதிரும். ஒரு வீட்டுத் தெள்ளுக்கூட்டத்தில் பூனையில் இருப்பது 5 வீதம் அளவே, மிச்சம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் கம்பளத்திலும் சோபாவின் மடிப்பிலும் இருக்கிறது. கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் இலகுவில் தொடாது. அதனால்தான் மருந்து போட்டு இரண்டு கிழமையில் மறுபடியும் தெள்ளு தெரிகிறது, ‘மருந்து சரியில்லை’ என்று இடையில் நிறுத்திவிடுகிறார்கள்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது:

1. வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்களுக்கும் ஒரே நாளில் மருந்து. ஒன்றை விட்டால் அதுவே பண்ணை.
2. பூனைக்கென்று எழுதியிருக்கும் மருந்து மட்டும், எடைக்கு ஏற்ற அளவில். செலமெக்டின், இமிடாக்ளோப்ரிட், ஃபிப்ரோனில் போன்றவை மாதம் ஒரு தடவை. ஃப்ளுராலனர் 12 கிழமைக்கு ஒரு தடவை.
3. துளி மருந்தை மண்டையோட்டின் அடியில், பிடரியில், மயிரை விலக்கித் தோலில் விடுங்கள். தோளுக்குக் கீழே விட்டால் நாக்கு எட்டும்.
4. ஆகக் குறைந்தது மூன்று மாதம் இடைவிடாமல். கொழும்பில் ஆண்டு முழுக்கத் தொடர்வதே புத்தி.
5. படுக்கை விரிப்புகளைக் கிழமைக்கு ஒருதடவை 60 பாகைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயப்போடுங்கள். சோபாவின் அடி, கதவோரம், கட்டிலின் கீழ் கூட்டி எடுத்ததை உடனே வெளியே போடுங்கள்.

இனி ஆபத்து. நாய்க்கான தெள்ளு மருந்துகளிலும் சில தூள்களிலும் பெர்மெத்ரின் இருக்கும். நாயின் ஈரல் அதை உடைக்கும், பூனையின் ஈரலால் முடியாது. ‘நாய் மருந்தில் பாதி விட்டால் பூனைக்குக் கணக்காக வரும்’ என்ற எண்ணம் பூனையைக் கொல்லும். நடுக்கம், காது சொடுக்கல், வலிப்பு என்று சில மணித்தியாலங்களில் தொடங்கும். தவறுதலாகப் போட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு கழுவி உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். மண்ணெண்ணெய், தேயிலைமர எண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம், பூசியதையெல்லாம் பூனை நக்கித்தான் முடிக்கும். பனடோலும் இந்தப் பட்டியலில்தான். பூனைக்கு அரைக் குளிசைகூட உயிருக்கு உலை.

தெள்ளு இல்லை, ஆனாலும் நக்குகிறது என்றால், எங்கே நக்குகிறது என்று பாருங்கள். அடிவயிற்றில் மட்டும் மயிர் வழிக்கப்பட்டிருந்தால் சிறுநீர்ப்பை வலி, மனநெருக்கடி, ஒவ்வாமை என்று யோசிக்க வேண்டும். வழித்த இடத்தைத் தடவும்போது நுனி குத்தினால் மயிர் தானாக உதிரவில்லை, நாக்கு உடைத்திருக்கிறது. வட்டவட்டமாகச் செதிலோடு மயிர் போனால் படர்தாமரை. பர்ஷியன்களில் அதிகம், வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

சீவுதல்

விழுங்கப்போகிற மயிரை வாய்க்குப் போகமுன் எடுத்துவிடுவதைவிட நேர்மையான வைத்தியம் இதில் வேறில்லை. குறுமயிருக்குக் கிழமைக்கு இரண்டு தடவை, ஐந்து நிமிடம். நீளமயிருக்கு நாள்தோறும் பத்து நிமிடம். மூன்று நாள் விட்டு நாலாம் நாள் ஒரு மணித்தியாலம் வாருவது பலன் தராது. பூனையும் பொறுக்காது, சிக்கும் விழுந்திருக்கும்.

குறுமயிருக்கு இரப்பர் பிரஷ் போதும். நீளமயிருக்கு இரண்டு உலோகச் சீப்பு: பல் அகன்றது முதலில், நெருக்கமானது பிறகு. மேற்புறம் பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பிரஷ் மேல் மயிரைத் தடவிப் போகும், கழன்ற அடிமயிர் உள்ளே அப்படியே கிடக்கும். மயிரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தோல் தெரியப் பிடித்து, நுனியிலிருந்து அடிக்கு வாருங்கள். சிக்கு விழும் இடங்கள் குறிப்பானவை: காதின் பின்புறம், அக்குள், பின்தொடையின் உட்புறம், வாலின் அடி. சீவி முடித்ததும் சற்று நனைத்துப் பிழிந்த துணியால் ஒருதடவை துடையுங்கள். மேலே நின்ற இழைகள் துணியில் ஏறிவிடும். சாப்பிட்ட பிறகு, தூங்கப்போகும் நேரம், மடியில் வைத்துத் தொடங்குவது இலகு. முதல் கிழமை அரை நிமிடத்தோடு நிறுத்தி ஒரு துண்டு மீன் கொடுங்கள்.

சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, சிக்கை இழுத்ததும் தோல் கூடாரமாக எழுந்து கத்தரியின் வாய்க்குள் வந்துவிடும். விரலால் பிரிக்க முடியாதது மயிர் வெட்டும் மெஷினுக்குரியது, அதையும் பழகிய கை செய்யட்டும். கொழும்பு வெக்கைக்குப் பர்ஷியனை முழுதாக வழித்துவிடலாமா என்று கேட்பவர்கள் பலர். மயிர்க்கட்டி குறையும், உண்மை. ஆனால் பலமாதம் வளரக் காத்திருக்க வேண்டும், தோல் வெயிலில் புண்படும், வழிக்கும்போது பூனை படும் அச்சமும் சிறிதல்ல. சிக்கு மூடிய பூனைக்கு அது சரி. நாளும் சீவக்கூடிய பூனைக்கு வயிற்றுப்புறமும் பின்தொடையும் குட்டையாக வெட்டினாலே போதும்.

பேஸ்ட், எண்ணெய், நார்

மோல்ட் பேஸ்ட் என்பது பெரும்பாலும் எண்ணெய் அல்லது பெற்றோலேட்டம், அதாவது வாசலினின் மூலப்பொருள், அதோடு சுவைக்கு மோல்ட். இது மயிரைக் கரைக்காது, எந்தப் பேஸ்ட்டும் கரைக்காது. வழுக்க வைக்கிறது என்பதுதான் உரிமைகோரல், அதற்கும் ஆதாரம் மெலிது. எப்போதாவது ஒருதடவை, பெட்டியில் எழுதிய அளவில், சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் கொடுப்பதால் கெடுதி இல்லை. நாளாந்தம் மாதக்கணக்கில் பெற்றோலேட்டம் கொடுத்தால் கொழுப்பில் கரையும் விற்றமின்கள் உடம்பில் சேர்வதைத் தடுக்கலாம்.

தேங்காயெண்ணெய், நெய், மாஜரின் கொடுக்கிற வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. இவை சமிபாடடையும் கொழுப்பு. குடலில் உறிஞ்சப்பட்டுவிடும், மயிரோடு கூடவே போய் வழுக்க வைப்பதற்கு மிச்சம் இருக்காது. கூடினால் வயிற்றோட்டமும் எடையும்தான் லாபம். பாமசியில் கிடைக்கும் லிக்விட் பரஃபினைச் சிரிஞ்சால் வாயில் விடுவது அதைவிட மோசம். சுவையும் மணமும் இல்லாத திரவம் என்பதால் தொண்டை உஷாராகாது, நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும். மனிதருக்கான பொஸ்பேற் எனிமா பூனையின் இரத்த உப்புகளைக் குலைத்து உயிரை எடுக்கும்.

நார் கொஞ்சம் நியாயமான வழி. இசப்கோல் என்ற விதை உமி தண்ணீரில் ஊறிக் கொழகொழப்பாகி மயிர் இழைகளைப் பிடித்துக் கொண்டுபோகிறது. நீளமயிர்ப் பூனைகளில் நார் கூடிய உணவால் மலத்தில் வெளியேறும் மயிர் அதிகரித்ததை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். குறுமயிரில் அந்தப் பலன் தெளிவில்லை. 4 கிலோ பூனைக்குக் கால் தேக்கரண்டியில் தொடங்கி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து ஈரச் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள். உலர்ந்த தூளாகத் தூவினால் குடலிலுள்ள தண்ணீரை உறிஞ்சி நேர்மாறாக மலச்சிக்கலைக் கொண்டுவரும். தண்ணீர் குடிக்காத பூனைக்கும், ஏற்கெனவே அடைப்புச் சந்தேகம் உள்ள பூனைக்கும் நார் கூடாது.

பூசணிக்காய் பற்றி இணையத்தில் நிறையப் புகழ். அவித்த பூசணி 100 கிராமில் நார் ஒரு கிராம் அளவே, இசப்கோல் உமியில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு நார். பூனை தின்னக்கூடிய ஒரு தேக்கரண்டிப் பூசணியால் நார்க்கணக்கில் பெரிதாக எதுவும் நடக்காது. கெடுதி இல்லை, உப்பும் உள்ளியும் வெங்காயமும் சேராத வரைக்கும். கறிச்சட்டியில் எடுத்த பூசணி வேண்டவே வேண்டாம், உள்ளியும் வெங்காயமும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும்.

கோதுமை முளைத்த புல்லைப் பலகணியில் ஒரு சட்டியில் வைக்கலாம். பூனைக்குப் பிடிக்கும், சிலவேளை தின்று கக்கும். பக்கத்தில் லில்லி இருக்கக் கூடாது. அதன் மகரந்தமே சிறுநீரகத்தை அழிக்கும்.

சாப்பாடும் தண்ணீரும்

பூனைக்கு நாளொன்றுக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும், உணவிலுள்ளதையும் சேர்த்து. ரின்னில் வரும் ஈர உணவில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர், உலர் உணவில் பத்தில் ஒரு பங்கு. உலர் உணவு மட்டும் தின்னும் பூனை குடித்து ஈடுகட்டுவதில்லை. ஒரு வேளையாவது ஈர உணவாக்குங்கள், அல்லது உலர் உணவில் வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். இந்த வெக்கையில் நனைத்ததை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள்.

விலையேற்றத்தால் சோறும் அவித்த கீரிமீனும் என்று மாறியவர்களுக்கு ஒன்று: பூனை பசியாறும், ஆனால் ஊட்டம் குறையும். பூனைக்கு உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய ரோரின் என்ற சத்து போதாவிட்டால் கண்ணும் இதயமும் பழுதாகும். தினசரி உணவில் பாதியாவது பூனைக்கென்று தயாரித்த முழு உணவாக இருக்கட்டும். கருவாட்டின் உப்பும் மீன் முள்ளும் தனித் தொல்லை. ‘ஹெயார்போல்’ என்று போட்ட உணவுப் பை பெரும்பாலும் நார் கூட்டிய சாதாரண உணவுதான். நீளமயிர்ப் பூனைக்கு, விலை கட்டுப்படியானால், முயன்று பார்க்கலாம்.

அடைப்பு: காத்திருக்கக் கூடாத நிலை

மயிர்க்கட்டி இரைப்பையைக் கடந்து சிறுகுடலில் இறுகிவிடுவது அரிது. நடந்தால் சத்திரசிகிச்சைதான். அடையாளங்கள்: சில மணித்தியாலத்துக்குள் திரும்பத் திரும்பச் சத்தி, தண்ணீரையும் கக்குதல், 24 மணித்தியாலம் சாப்பிடாமை, மலம் போகாமை, தூக்கும்போது வயிறு நோவதால் சீறுதல், மூலையில் ஒளிந்து கிடத்தல். இந்த நேரத்தில் பேஸ்ட், எண்ணெய், இசப்கோல் எதையும் வாயில் விடாதீர்கள். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகிவிடும், அதனால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பது இரட்டை நட்டம்.

பூமாலை நூல், தையல் நூல் விழுங்கிய பூனையில் நூலின் ஒரு நுனி நாக்கின் அடியில் மாட்டியிருக்கலாம், மறுநுனி பின்புறத்தில் தொங்கலாம். இழுக்காதீர்கள். இழுத்தால் சுருங்கிய குடலை நூல் அறுத்துவிடும்.

ஆண் பூனை மலத் தட்டில் குந்திக் குந்தி முக்கினால் மயிரோ மலச்சிக்கலோ என்று முடிவுகட்ட வேண்டாம். சிறுநீர் அடைத்திருக்கலாம். அது ஒரே நாளில் உயிர்போகும் விஷயம்.

வைத்தியரிடம் எதைக் கொண்டுபோவது

நாட்காட்டிக் குறிப்பு, எடைகள், இருமல் அல்லது சத்தியின் வீடியோ, பிரித்துப் பார்த்த கட்டியின் படம், கடைசியாகப் போட்ட தெள்ளு மருந்தின் பெட்டி. இவை இருந்தால் முதல் சந்திப்பிலேயே பாதிக் கேள்விகள் தீரும். வழமையான வரிசை: வயிற்றைத் தடவிப் பார்த்தல், மலப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, பிறகு வயிற்று ஸ்கான். எக்ஸ்ரேயில் மயிர் தெளிவாகத் தெரியாது, குடல் உப்பியிருப்பதுதான் தெரியும். குடல் சுவரின் தடிப்பை அளக்க ஸ்கான் வேண்டும். அதற்கு வெறும் வயிறு நல்லது என்பதால், நேரம் குறிக்கும்போதே எத்தனை மணித்தியாலம் சாப்பாடு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், தண்ணீரை நிறுத்தச் சொன்னார்களா என்பதையும் தனியாகக் கேளுங்கள். உணவு ஒவ்வாமை என்று சந்தேகித்தால் எட்டுக் கிழமைவரை ஒரே புரத உணவில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த எட்டுக் கிழமையும் பக்கத்து வீட்டார் கதவோரம் வைக்கும் மீன் தலையும் நிற்க வேண்டும்.